கண்ணின் உள்மூலை மடிப்பு: எந்த வெட்டு, எங்கே தழும்பு?

மேலிமைத் தோல் மூக்கோரம் சரிந்து கண்ணின் உள்மூலையை மூடினால், அதைத் திறக்கப் பல வெட்டுமுறைகள் உண்டு. தோலின் இழுவை எங்கே விழுகிறது என்று பாருங்கள். தழும்பும் அங்கேதான் தடிக்கும்.

முதலில் கண்ணாடி. மடிப்பை விரலால் மூக்குப் பக்கம் மெல்ல இழுங்கள். மூலையிலுள்ள இளஞ்சிவப்புச் சதைமுடிச்சு இழுக்காமலே முழுதாகத் தெரிந்தால் வெட்ட ஒன்றுமில்லை. அடுத்து, இரு உள்மூலைகளுக்கும் இடைத்தூரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 மில்லிமீற்றர். அதைவிட நன்றாகக் கூடினால் தோலுக்கு அடியிலும் காரணம் இருக்கலாம். சிறுபிள்ளைகளுக்கு அவசரம் வேண்டாம். மூக்குப்பாலம் உயர உயர மடிப்பு தானாகக் குறையும்.

இனி முறைகள். வை-வி முறையில், ஆங்கில Y வடிவில் வெட்டிய தோல் மூக்குப் பக்கம் இழுத்து V வடிவில் தைக்கப்படும். எளிது, ஆனால் இழுவை முழுவதும் ஒரே முனையில். மூக்கோரத் தோல் தடிப்பானது, கோடு தெரியும். லேசான மடிப்புக்கு மட்டும் சரி. வி-டபிள்யூ முறையிலும் தழும்பு மூக்கோரத்தில்தான். இசட் முறை இரு முக்கோணத் தோல்துண்டுகளை இடம் மாற்றி இழுவையைப் பிரிக்கிறது. சிறு கோடு மிஞ்சும்.

தோலை மீளப் படியவைக்கும் முறையில் வெட்டு உள்மூலையிலிருந்து கீழிமை மயிரோரமாக, ஓரிரு மில்லிமீற்றர் கீழே ஓடும். மடிப்புக்கடியிலுள்ள தசையிழைகளை விடுவித்து, தோலை இழுக்காமல் படியவிட்டு, மிஞ்சுவதை மட்டும் நறுக்குவார்கள். தசையை விடுவிக்காமல் தோலை மட்டும் தைத்தால் மடிப்பு திரும்பிவரும். மாநிறத் தோலுக்கு இந்தப் படியவைக்கும் முறையையே முதலில் கேட்டுப் பார்க்கலாம். முஸ்டார்டே என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் நான்கு தோல்துண்டு முறை பிறவியிலேயே கண் குறுகியவர்களுக்கானது. அழகுக்கென்று அதைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதிகமாகத் திறப்பதுதான் பெரிய பிழை. சதைமுடிச்சு அளவுக்கு மீறி வெளியே தெரிந்து, முறைத்துப் பார்ப்பது போலாகும். திரும்ப மூடுவது கடினம். சில மில்லிமீற்றருக்குள் கண்ணீர்க்குழாய் ஓடுகிறது, அது வெட்டுப்பட்டால் கண் ஓயாமல் வடியும். ஆகவே பார்லர் பக்கம் போகாமல், வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா, இமைச் சத்திரசிகிச்சையில் பயின்றவரா என்று பாருங்கள். அஸ்பிரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம்.

விறைப்பூசி போடுமுன், நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கோடு வரையச் சொல்லுங்கள். ஊசி போட்டால் தோல் ஊதிவிடும். தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். சிவப்பு அடங்கச் சில மாதம் பிடிக்கும். அதுவரை கொழும்புக் காலி வீதி வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் இறங்கினால் கோடு கறுத்துவிடும்.