வார்சாவில் ரூம் போடும் முன்: வரலாறு பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு பார்க்க போலந்தின் தலைநகர் வார்சாவுக்குப் போகிறவர்கள் முதலில் ரூம் தேடுவது பழைய நகரத்தில், ஸ்தாரே மியாஸ்தோவில். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் வண்ண வீடுகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுந்தவை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான 1944 எழுச்சியை ஒடுக்கிய கையோடு, ஜெர்மன் படை நகரத்தைத் தெருத்தெருவாகக் கொளுத்தியும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கியது. பழைய வரைபடங்களையும் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெல்லொட்டோ தீட்டிய ஓவியங்களையும் பார்த்துப் பார்த்து மக்கள் திரும்பக் கட்டினார்கள். அரச மாளிகை 1984-இல்தான் திறந்தது. இதைக் கேட்டதும் ‘அப்படியானால் போலிதானே’ என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தவறு. 1980-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்ததே அந்த மறுகட்டுமானத்துக்காகத்தான்.

அங்கே நிதானமாக நடந்து பாருங்கள்; ரூம் வேறு இடத்தில் போடுங்கள். மெட்ரோ உள்ளே வராது. அருகிலுள்ள ரதுஷ் ஆர்செனவ் நிலையத்தில் இறங்கினால், கல் பாவிய தெருக்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

‘வரலாற்றுச் சிறப்புமிக்க ஹோட்டல்’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கட்டடத்துக்கு ஒரு வயது, ஹோட்டலுக்கு ஒரு வயது, உள்ளலங்காரத்துக்கு இன்னொரு வயது. 1901-இல் திறந்த பிரிஸ்டலும் 1913-இன் பொலோனியாவும் போரில் தப்பியவை. 1857-இன் யூரோபெய்ஸ்கி 1944-இல் எரிந்து, பிறகு மீண்டது. இன்றைய ஹோட்டல் வார்ஷாவா 1930-களில் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுந்த கோபுரம். எழுச்சியின்போது கனரக பீரங்கிக் குண்டு விழுந்தும் எஃகுச் சட்டகம் சாயவில்லை. 1950-களில்தான் அது ஹோட்டலானது. எந்தப் பகுதி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டு எழுச்சிகளைக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. 1943 ஏப்ரல் 19-இல் தொடங்கியது கெட்டோவில், அதாவது ஜெர்மானியர் மதில் எழுப்பி ஒதுக்கிய பகுதியில், அடைபட்ட யூதர்களின் எழுச்சி. 1944 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி 63 நாள் நீடித்தது தலைமறைவாக இயங்கிய போலந்து உள்நாட்டுப் படையின் எழுச்சி. முதலாவதன் பின்னணிக்கு முரானூஃப் பகுதியில் உள்ள, போலந்து யூதர் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம். இரண்டாவதற்கு வோலா பகுதியில் உள்ள எழுச்சி அருங்காட்சியகம். இரண்டுமே செவ்வாய்க்கிழமை விடுமுறை. இருப்பது ஒரே நாள், அதுவும் செவ்வாய் என்றால் இரண்டுமே கைநழுவும்.

ரோந்தோ தஷின்ஸ்கியேகோ, ரோந்தோ ஓஎன்இசெட் மெட்ரோ நிலையங்களை ஒட்டிய உயர்ந்த ஹோட்டல்களை ‘வெறும் அலுவலகப் பகுதி’ என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் தேர்வு இதுதான். எழுச்சி அருங்காட்சியகம் நடை தூரம். கெட்டோவின் நிலமும் இங்கிருந்தே தொடங்குகிறது, ஆனால் தலைநிமிர்ந்து நடந்தால் கண்ணில் படாது. நடைபாதையில் பதித்த வார்ப்பிரும்புப் பட்டைகளில் 1940, 1943 என்ற ஆண்டுகள் இருக்கும். மதில் ஓடிய கோடு அது. ஹுவோத்னா தெருவில், பெரிய கெட்டோவையும் சிறிய கெட்டோவையும் இணைத்த மரப்பாலம் நின்ற இடத்தில் உலோகக் கம்பங்கள் நிற்கின்றன. இருட்டிய பிறகு போனால் பாலத்தின் கோடு ஒளியில் தெரியும். முரானூஃபில் சில குடியிருப்புகளுக்குத் தெருவிலிருந்து படியேறிப் போக வேண்டும். மேடு இயற்கையானதல்ல, அள்ளி மாளாத இடிபாடு. அதன் மேலேயே வீடுகளைக் கட்டினார்கள்.

‘ரயில் நிலையம் அருகில்’ என்றால் எந்த நிலையம் என்று பாருங்கள். செந்த்ரால்னா நகர மையத்தில், சகோத்னியா மேற்கில், வ்ஸ்கோத்னியா ஆற்றுக்கு அந்தப் பக்கம். விமான டிக்கெட்டில் மோத்லின் என்றிருந்தால், அந்த விமான நிலையம் நகரத்திலிருந்து 35 கி.மீ.க்கு மேல்; ஷோபின் விமான நிலையத்திலிருந்தோ 175-ஆம் எண் பஸ் செந்த்ரால்னாவுக்கே வரும். முன்பே வாங்கிய காகித டிக்கெட்டை பஸ்ஸில் உள்ள கருவியில் செருகி முத்திரை பதிக்காவிட்டால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

ஏடிஎம்மோ கார்டு இயந்திரமோ உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, போலந்து நாணயமான ஸ்வோட்டியிலேயே செலுத்துங்கள்.

1944 எழுச்சியின் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்குச் சைரன் ஒலிக்கும். வண்டிகள் நிற்கும், மக்கள் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் சாலையைக் கடக்காதீர்கள்.