அப்பாவின் பில்லை வைத்து வணிகச் சட்டம் படிப்பது எப்படி?

வணிகச் சட்டம் தாள் வந்ததும் பி.காம் மாணவர்கள் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் எல்லாம் மறந்துபோகும். பதினான்கு வருடமாக இந்தத் தாளை நடத்துகிறேன். முதல் வகுப்பில் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டிலிருந்து பணம் சம்பந்தப்பட்ட காகிதம் ஒன்று எடுத்து வாருங்கள். மளிகை பில், வாடகைப் பத்திரம், நகைக்கடன் சீட்டு, எதுவானாலும் சரி. நானும் ஒன்று கொண்டுபோவேன்.

அது சிவகாசியில் என் அப்பா நடத்திய சின்ன அச்சகத்தின் பில். தேதி 14.12.2007. தினசரி காலண்டர் 1,200, ஒன்று 32 ரூபாய், மொத்தம் 38,400. அடியில் சரக்கை இறக்கிக்கொண்ட கடைப் பையனின் கோணல் கையெழுத்து. பின்பக்கம் அப்பா பென்சிலால் எழுதியது: ‘2009 தீபாவளி, வரவு 10,000.’ மீதி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதற்குள் உங்கள் பாடத்தில் பாதி இருக்கிறது.

முதலில், இது ஒப்பந்தமா என்று பாருங்கள். எது ஒப்பந்தமாகும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 10 சொல்வதை இந்தப் பில்லோடு பொருத்துங்கள். கடைக்காரர் ‘1,200 காலண்டர் அடித்துக் கொடுங்கள், ஒன்றுக்கு 32 ரூபாய்’ என்றது முனைவு. அப்பா ‘சரி’ என்றது ஏற்பு. காலண்டருக்குப் பணம், பணத்துக்குக் காலண்டர்: அதுதான் மறுபயன். முத்திரைத்தாள் இல்லையே, செல்லுமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். செல்லும். சரக்கு விற்பனையில் வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் கஷ்டம்.

அடுத்து வரும் கேள்வி எனக்குப் பிடித்தது. கையெழுத்துப் போட்ட பையனுக்கு அப்போது 16 வயது. 1903இல் மோஹரி பீபி வழக்கில் மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டதே, கடனும் போச்சா? போகவில்லை. ஒப்பந்தம் கடைக்காரரோடு. பையன் அவருடைய முகவர் மட்டுமே. மைனர் முகவராக இருக்கலாம், அவர் செய்தது முதலாளியைக் கட்டுப்படுத்தும் என்கிறது பிரிவு 184. வழக்கின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தத் தீர்ப்பு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று எழுதும் மாணவருக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சட்ட உறவில் நுழையும் எண்ணம் என்றால் என்ன என்பதற்கு 1919இன் பால்ஃபர் வழக்கை நினைவில் வையுங்கள். கணவருக்கு இலங்கையில் அரசு வேலை. இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார், பிறகு தரவில்லை. வீட்டுக்குள் கணவன் மனைவி பேசிக்கொண்டதை ஒப்பந்தமாக அமல்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். கடையில் பேசிய பேச்சு அப்படியல்ல.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது தேதி. இதில்தான் அப்பா தோற்றார். காலவரையறைச் சட்டம் 1963இன்படி, தவணை பேசாமல் விற்றுக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எங்கள் பில்லுக்கு 2010 டிசம்பரோடு முடிந்தது. ‘அடுத்த மாசம் தர்றேன் அண்ணாச்சி’ என்ற பேச்சை நம்பி அப்பா நடந்தார். வக்கீலைப் பார்த்தது 2011 பிப்ரவரியில். நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்தப் பத்தாயிரத்துக்கு அவர் கையெழுத்து இருக்கா?”

இல்லை. இருந்திருந்தால் அந்த வரவு தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைத்திருக்கும். அதுதான் பிரிவு 19. ஆனால் பணம் கொடுத்ததற்கான குறிப்பு, கொடுத்தவர் கைப்பட எழுதியதாகவோ அவர் கையெழுத்திட்டதாகவோ இருக்க வேண்டும். வாங்கியவர் தன் பில்லில் பென்சிலால் எழுதிக்கொண்டது போதாது. ‘14.12.2007 பில்லில் இன்னும் 28,400 பாக்கி’ என்று கெடு முடியும் முன் கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிரிவு 18 காப்பாற்றியிருக்கும். ஒரே ஒரு வரிதான்.

மூன்றாவது, எந்தக் கோர்ட் என்பது. பணம் வரவேண்டும் என்றால் சிவில் வழக்கு: தொகையைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட நீதிமன்றம். வணிகத் தகராறாக இருந்து தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் 2015 வந்துவிடும். அவசரத் தடை எதுவும் கேட்காத பட்சத்தில் அங்கே முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். கடைக்காரர் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138, மாஜிஸ்ட்ரேட் கோர்ட். இங்கே நாட்களை மட்டும் தவறாமல் படியுங்கள்: செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதுவும் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். அப்பா அங்கே போக முடியாது, அவர் விற்றவர். காலண்டர் வாங்கிய கடைக்காரரும் லேசில் போக முடியாது, தொழில் நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. பழைய கைடு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: 1986ஆம் வருடச் சட்டம் போய்விட்டது, 2020 ஜூலை 20 முதல் 2019ஆம் வருடச் சட்டம்தான்.

அப்பாவைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2006ஆம் வருடத்துச் சிறு, குறுந்தொழில் சட்டத்தின்படி, தவணை பேசியிருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி. அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் வகுப்பில் இதை இரண்டு முறை சொல்கிறேன்.

இனி நெறிமுறை. பாடப்புத்தகம் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கி, நேர்மை, பொறுப்பு என்று பட்டியல் போடும். சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று கணக்கைப் பொய்யாகக் காட்டியதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியதைச் சொல்லும். அதைப் படியுங்கள், தேர்வுக்கு வரும். நான் கேட்பது வேறு. கெடு முடிந்துவிட்டது, கோர்ட் வசூலித்துத் தராது. கடைக்காரர் இன்னும் 28,400 ரூபாய் கடன்பட்டவரா, இல்லையா?

சட்டமே இதற்குப் பாதி பதில் வைத்திருக்கிறது. கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை. கெடு தாண்டிய கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகும் ஒப்பந்தம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 25(3).

அந்தக் காலண்டருக்கான பேப்பரை அப்பாவும் கடனுக்குத்தான் வாங்கியிருந்தார். பேப்பர் கடைக்காரரும் எழுதி வாங்காமல் 3 வருடத்தைத் தாண்டிவிட்டார். வக்கீலைப் பார்த்த மாதமே அவர் வீட்டுக்கு வந்தார். கெடு என்றால் என்ன என்று அப்பாவுக்கு அப்போது நன்றாகத் தெரியும். அச்சக லெட்டர்பேடில் ‘பாக்கி 17,000, மாதம் ஆயிரம் வீதம் தருகிறேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினேழு மாதம் கட்டினார். அந்தக் கடிதத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பில்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சட்டம் எங்கே நிற்கிறது, மனிதர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன்.

கடைசியாக, ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். உயர் நீதிமன்றம் என்றால் 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை. நீதிமன்றம் பொதுவாக எல்லோருக்கும் திறந்த இடம். போனை அணைத்துவிட்டுப் பின்பெஞ்சில் அமைதியாக உட்காரலாம். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் வாய்தாதான் கேட்கும். சலித்துக்கொள்ளாதீர்கள். வாதி யார், பிரதிவாதி யார், எந்தக் காகிதத்தைக் காட்டினார்கள், அதில் யார் கையெழுத்து இருந்தது என்று ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குவோம்.