வெயிலை முதுகில் வைத்து நடங்கள்: 300 ரூபாயில் புதுச்சேரி

புதுச்சேரிக்கு முதல்முறை வருகிறவர்கள் இறங்கியதும் ஸ்கூட்டர் வாடகைக்குத் தேடுகிறார்கள். பழைய நகரத்தைப் பார்க்க வண்டியே வேண்டாம். கடற்கரையிலிருந்து மேற்கே அண்ணா சாலை வரை ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். போன முறை காலை முதல் இரவு வரை நடந்தேன். ஊருக்குப் போய்வந்த பேருந்துக் காசு தவிர 300 ரூபாய்க்குள் அந்த நாள் முடிந்தது. அதே வழியை, முதல்முறை போகிறவருக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனி, ஞாயிறு சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் சேர்ந்து வரும், அறை வாடகை எகிறும். திங்களன்று அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. மார்கழி, தை மாதங்கள் நடக்கச் சுகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும்.

2. விடியும்போது ஊரில் இருங்கள்

சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் பேருந்தைப் பிடித்தால் விடிவதற்குள் வந்துவிடலாம், ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். தனியாக வரும் பெண்கள் வெளிச்சம் வரும்வரை பேருந்து நிலையத்திலேயே இருங்கள், அவசரம் ஒன்றுமில்லை. தென்மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் விழுப்புரத்தில் இறங்கிப் பயணிகள் ரயிலில் மாறலாம். டிக்கெட் டீ, வடை காசுக்குள் முடிந்துவிடும். அப்படி வந்தால் சூரிய உதயம் தவறலாம், மற்றதெல்லாம் கிடைக்கும்.

பேருந்து நிலையத்திலிருந்து கடல் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். மூட்டை முடிச்சு இருந்தால் டவுன் பஸ். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

3. வரைபடத்தை மனசில் ஏற்றுங்கள்

இந்த ஊரில் வழி தவறுவது கஷ்டம். தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கடல் கிழக்கு. அதற்கு இணையாக ஊரின் நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி.

இனி முக்கியமான விஷயம். காலையில் கடலில் தொடங்கி மேற்கே நடங்கள். மாலையில் மேற்கிலிருந்து கடலுக்குத் திரும்புங்கள். இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் விழும், முகத்தில் அடிக்காது. காலையில் வடக்குத் தெற்குத் தெருக்களில் கிழக்குச் சாரி ஓரமாகப் போங்கள், வீடுகளின் நிழல் அந்தப் பக்கம்தான் விழும். இதைத் தெரியாமல் முதல் தடவை எதிர்வெயிலில் அலைந்து மதியத்துக்குள் தலைவலியோடு உட்கார்ந்துவிட்டேன்.

4. பீச் ரோடு, காலை 7:30 வரை

மாலை 6 மணி முதல் காலை 7:30 வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களை நிதானமாகப் பாருங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை, சிற்ப வேலைப்பாடு நுணுக்கமானது. பக்கத்திலேயே 19-ஆம் நூற்றாண்டின் பழைய கலங்கரை விளக்கம்.

5. வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு மணி நேரம்

துமாஸ் வீதியில் 1855-ல் கட்டிய கப்பல் மாதா கோயில். பிறகு பாரதி பூங்கா, அதன் நடுவே வெள்ளை ஆயி மண்டபம். ஆயி என்ற தாசி தன் மாளிகையையே இடித்துக் குளம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் தந்தாள் என்பது இங்கே வழங்கும் கதை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பெயரிலேயே மண்டபம் எழுந்தது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி எல்லாம் அழகுதான், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழு நாளையும் இங்கேயே செலவழித்துவிட்டு ஊரைப் பார்த்துவிட்டதாகத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

6. வாய்க்காலைத் தாண்டுங்கள்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட். அதைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளில் இட்லி, பொங்கல் சாப்பிட்டுவிட்டு உள்ளே ஒரு சுற்று வாருங்கள். மதியத்துக்குக் கொய்யா, வாழைப்பழம் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் வைசியாள் வீதி. பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காப்பாற்றியதற்காக 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற தெரு. இங்கே மட்டும் அவசரமே படாதீர்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் வரிசையாக நின்று ஓட்டுச் சாய்ப்பைத் தாங்குகின்றன. அதுதான் தாழ்வாரம், தெருவில் போகிறவருக்கு. அதை அடுத்துத் திண்ணை, வீட்டுக்கு வந்தவருக்கு. கதவைத் தாண்டினால் முற்றம், வீட்டாருக்கு. பிரெஞ்சுப் பகுதியில் உயர்ந்த மதில் வீட்டைத் தெருவிடமிருந்து மறைக்கிறது. இங்கே வீடு தன் இடத்தில் ஒரு பங்கைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரு தூணில் தோள் உயரத்துக்கு மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது, எத்தனை பேர் சாய்ந்து நின்றார்களோ!

அப்படியே நிமிர்ந்து மாடியைப் பாருங்கள். கீழே தமிழ்த் திண்ணை இருக்கிற சில வீடுகளில் மேலே பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல் இருக்கும். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் இவை. திண்ணையில் உட்காரவோ படம் எடுக்கவோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "உட்காருப்பா" என்றுதான் எனக்குப் பதில் வந்தது.

7. உச்சி வெயிலில் நடக்காதீர்கள்

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில்தான் இருந்தார். அதைப் பார்த்துவிட்டு, சுற்றுலாக் கூட்டம் எட்டாத தெருவில் அளவில்லாச் சாப்பாடு போடும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். சாப்பிட்டபின் மேற்குக் கோடியில் தாவரவியல் பூங்கா, 1826-ல் தொடங்கியது. பெரிய மர நிழலில் மூன்றரை மணி வரை ஓய்வெடுங்கள்.

காலில் பழகிய செருப்பாக இருக்கட்டும். கோயில், நினைவில்லம் என்று நாள் முழுக்கக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஷூ சரிப்படாது. ஒரு லிட்டர் பாட்டிலைச் சாப்பிடும் இடங்களில் நிரப்பிக்கொண்டால் தண்ணீர்ச் செலவே கிடையாது.

8. மாலை, மறுபடி கிழக்கே

பூங்காவிலிருந்து சுப்பையா சாலை வழியாக வாருங்கள். ரயில் நிலையத்தின் அருகே இருதய ஆண்டவர் பசிலிக்கா. மாலை வெயில் உள்ளே எட்டும்போது கண்ணாடி ஓவியங்களின் நிறம் தரையில் விழும், அதற்காகவே கால்மணி நேரம் உட்காரலாம். ஆறு மணிக்குச் சாலையை மூடும்போது பீச் ரோட்டில் இருங்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு கடலோரக் கருங்கற்களைப் பார்த்தபடி மதில்சுவரில் உட்காருங்கள். பாறை வழுக்கும், இறங்க வேண்டாம். திரும்பும் வண்டியின் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்திருங்கள். பேருந்து நிலையத்துக்குத் திரும்ப நடப்பதென்றால் முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்துவிட வேண்டும்.