குவில்ட் துணிக்கடைக்கு வாடிக்கையாளர் திரும்பவும் வர என்ன செய்யலாம்: படிப்படியாக ஒரு விளக்கம்

கொழும்பில் குவில்ட் (சிறு துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்களுக்கென்று சிறிய துணிக்கடையொன்றைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, புறக்கோட்டைச் சந்தை விலைக்கு எப்படி ஈடுகொடுப்பது என்பதையே. ஈடுகொடுக்க முடியாது, அந்த முயற்சியில் இறங்கவும் வேண்டியதில்லை. அங்கே கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் மலிவாகக் கிடைக்கும் துணியை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒற்றை அறைக் கடை அதே விலைக்கு விற்றால் வாடகைக்கும் மிஞ்சாது. எங்கள் கடையில் கவனித்துத் தெரிந்துகொண்டது வேறு: முதற் குவில்டைத் தைத்து முடித்தவர் இரண்டாவதற்குத் துணி தேடி வருகிறார், பாதியில் மடித்து வைத்தவர் திரும்பி வருவதில்லை. கீழே உள்ள படிகள் யாவும் வாடிக்கையாளரை முதல் வேலையை முடிக்க வைப்பதற்கானவை. வியாபாரப் பதிவு, வாடகை ஒப்பந்தம், கணக்கு வைத்தல் ஆகியவை எல்லாக் கடைகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கால் மீற்றரும் வெட்டிக் கொடுங்கள்

அரை மீற்றருக்குக் குறைய வெட்டமாட்டோம் என்று சொல்லும் கடையில் குவில்ட் தைப்பவருக்கு வேலையில்லை. அவருக்கு ஒரே துணியில் மூன்று மீற்றர் தேவைப்படாது. பொருந்தும் ஆறு துணிகளில் சிறிது சிறிதாகத் தேவைப்படும். 44 அங்குல அகலத் துணியில் 50 சென்ரிமீற்றரை வெட்டி, நடு மடிப்பில் இரண்டாக்கினால், ஏறத்தாழ 50க்கு 55 சென்ரிமீற்றர் அளவில் இரண்டு கால் மீற்றர்த் துண்டுகள் கிடைக்கும். ஒடுங்கிய நீளப் பட்டியை விட இந்த வடிவம் பல மடங்கு பயன்படும்.

ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் வெட்டுத்துண்டுகளைக் கிலோக்கணக்கில் வாங்குபவர்கள் வியாபாரத்துக்கு வைக்குமுன் அவற்றைத் தரம்பிரிக்க வேண்டும். இழுபடும் பின்னல் துணியைத் தொடக்கநிலையாளரிடம் கொடுக்கவே கூடாது. கலப்புத் துணியோ என்ற ஐயம் எழுந்தால், ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி, கடதாசி எரியும் வாசத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான சிறு மணியாக இறுகும். அத்துணி அயர்ன் பெட்டிக்கு மடிப்பு நிற்காது என்பதால் அதைத் தனிக் கூடையில், பெயர் எழுதி வையுங்கள்.

படி 2: முடிக்கக்கூடிய ஒரு கிட் தயாரியுங்கள்

கொழும்பு வெக்கையில் கட்டில் அளவுப் போர்வையைத் தொடக்கநிலையாளருக்குப் பரிந்துரைப்பது வீண். 36க்கு 36 அங்குலக் குழந்தைக் குவில்ட் போதும். எங்களிடம் வருபவர்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகத் தைக்கும் அம்மம்மாக்கள். பயணப் பெட்டியின் எடையும் அவர்களுக்கு ஒரு கணக்கு. கிட், அதாவது ஒரு குவில்டுக்கு வேண்டியவை எல்லாம் சேர்ந்த பை, கொண்டிருக்க வேண்டிய அளவுகள் இவை: ஆறு துணிகளில் தலா கால் மீற்றர், பின்புறத்துக்கு 1.1 மீற்றர், ஓரப்பட்டிக்கு 35 சென்ரிமீற்றர், நடுவில் வைக்க மெல்லிய வாடிங் பஞ்சு. ஒவ்வொரு துணியிலும் ஆறரை அங்குலச் சதுரங்கள் ஆறு வெட்டினால், தைத்த பின் ஆறு அங்குலமாக நிற்கும் 36 சதுரங்கள் சேரும். பேரப்பிள்ளை வரும் மாதத்தைக் கேட்டு, கிட் பையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்; தேதி உள்ள வேலை முடிந்துவிடும்.

படி 3: கால் அங்குலத்தைக் கற்றுக்கொடுங்கள்

பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம்மவர்களில் பலர் சட்டையும் பாவாடையும் தைத்துத் தேர்ந்தவர்கள். பிறகு பிரித்துப் பெருப்பிக்கலாம் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்துப் பழகியவர்கள். குவில்டில் தையல் ஓரம், அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடையிலுள்ள பகுதி, எல்லா இடத்திலும் கால் அங்குலமாகவே இருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் பதினாறில் ஒரு அங்குலம் கூடினால், ஒரு இணைப்பில் இரு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு அங்குலம் குறையும். எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் ஏழு இணைப்புகள் உள்ளன, ஆகவே அந்த வரிசை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கட்டையாகிவிடும். “மூலை பொருந்துதில்லை அக்கா” என்று சொல்லிக்கொண்டு வருபவரின் கையில் திறமைக் குறைவு எதுவும் இல்லை. அவருடைய மெஷினில் அளவுக் குறியொன்று இல்லை, அவ்வளவுதான்.

அளவுக் குறியை வைக்கும் முறை இது. கால் அங்குலக் கோடுகள் கொண்ட வரைபுத்தாளை மெஷினில் வைத்து, விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் உள்ள கோட்டின்மேல் ஊசியைக் கையால் இறக்குங்கள். தாளின் விளிம்பு நிற்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று மடங்காக ஒட்டினால், துணி உரசிச் செல்ல ஒரு திண்ணை கிடைக்கும். பின்பு ஒன்றரை அங்குல அகலப் பட்டிகள் மூன்றை இணைத்துத் தைத்து, அயர்ன் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தி, நடுப்பட்டியை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். அது சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால், மடிப்பு நூலளவு துணியை விழுங்குகிறது என்று பொருள். டேப்பை ஒரு நூல் அகலத்துக்கு ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். நடுப்பட்டி ஒரு அங்குலத்துக்கு வரும்வரை கிட்டின் துணியைத் தொட விடாதீர்கள்.

இதைக் கற்பிக்க ஒரு சனிக்கிழமைக் காலை போதும். கட்டணம் வாங்குங்கள், ஆனால் அதைக் கிட் விலையோடு சேர்த்தே சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய மிதி மெஷின் இதற்குப் போதாது என்று யாரையும் புதியது வாங்க அனுப்ப வேண்டாம். நேர்த்தையலுக்கு பழைய சிங்கர் மெஷினைவிட நம்பகமானது எனக்குத் தெரியவில்லை. வெட்டுவதற்கு மட்டும் நல்ல கருவி வேண்டும். ஒல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்திய வட்டக் கத்தியின் 45 மில்லிமீற்றர் அளவையே விற்கிறோம். கடற்கரைக் காற்றுக்கு அலகில் துரு பிடிக்கும் என்பதால் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசித் துடைத்து வைக்கச் சொல்கிறோம். மேசையில் ஒரு கத்தியையும் வெட்டுப் பலகையையும் வாடிக்கையாளர் இலவசமாகப் பயன்படுத்த வைத்திருப்பது விளம்பரத்தை விட நல்ல பலன் தருகிறது.

படி 4: வட்ஸ்அப்பில் தொடர்பை வைத்திருங்கள்

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை நிறுவுவது எளிது. தடங்கல் பிறகு வரும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அவருடைய இலக்கம் உங்களிடம் இருப்பது மட்டும் போதாது. ஆகவே துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே, மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை அவர் ஸ்கேன் செய்து, கடையின் பெயரில் இலக்கத்தைச் சேமித்து, ஒரு சொல்லையாவது அனுப்பச் செய்யுங்கள். செய்தி வேண்டுமா என்று கேட்டபின் மட்டும் இதைச் செய்யுங்கள்.

எல்லோரையும் ஒரே குழுவில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. குழுவில் ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் அதனால் படும் தொல்லை சிறிதல்ல. தொலைபேசி இலக்கமும் தனிப்பட்ட தரவுதான். அத்தகைய தரவைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். துணியின் படத்தை டியூப்லைட்டின் கீழ் எடுக்காமல் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு வரி எழுதுங்கள். கிட் வாங்கி இரண்டு வாரமாகியும் சத்தமில்லாதவருக்குத் தனியாக “ஓரப்பட்டிக்கு வந்துவிட்டீர்களா?” என்று கேட்பது, எந்தத் தள்ளுபடி அறிவிப்பையும் விட அதிகம் பேரைக் கடைக்குக் கொண்டுவருகிறது.

கூகுள் மெப்பில் கடையைப் பதியும்போது, போயா தினங்களிலும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் திறந்திருக்குமா என்பதைக் குறித்துவையுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த இருவர், பத்திக் துணியின் சிவப்புச் சாயம் முதல் சலவையிலேயே வெள்ளைச் சதுரங்களுக்குப் பரவியதாக எழுதியிருந்தார்கள். அத்தகைய துணியை விற்குமுன் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் கிட்டில் சேர்க்க வேண்டாம். தனியாக விற்பதானால், தண்ணீர் தெளியும்வரை வெவ்வேறாக அலசி, காயவிட்டு, பிறகே வெட்ட வேண்டும் என்று சீட்டு எழுதி இணையுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்லி விற்காதீர்கள். கைத்தறித் துணி அலசியதும் சுருங்கும் என்பதால், அதை வாங்குபவருக்குக் கால் மீற்றருக்குப் பதிலாக 30 சென்ரிமீற்றர் வெட்டிக் கொடுங்கள்.