பெஞ்சமினா ஃபைகஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால், அதாவது எங்கள் தென்னாப்பிரிக்காவில் வசந்தம் வந்தால், டர்பன் நர்சரிகளில் பெஞ்சமினா ஃபைகஸ் என்ற அழகுச் செடியைக் காரில் ஏற்றுகிறவர்களைப் பார்க்கலாம். பின்னிய தண்டு, பளபளவென்று தொங்கும் இலை, ஆசை வரத்தான் செய்யும். அதில் பாதிப் பேர் அடுத்து என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்ற மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

மதிலோரம் நடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். பெஞ்சமினா ஆலமரத்தின் பங்காளி. அதன் சொந்த நாடுகளில் 30 மீட்டர் வரை வளரும். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் பதறிப் பிடுங்குகிற நம் ஆட்கள், இதை மட்டும் காசு கொடுத்து வாங்கி வந்து சுவரோரம் நடுகிறார்கள்!

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் சித்தி வீடு அப்படித்தான். குறுகிய முற்றம், பழைய களிமண் சாக்கடைக் குழாய். குழாய் இணைப்பில் கசிகிற ஈரத்தைத் தேடி மயிரிழை வேர் நுழையும், உள்ளே போய்க் கொழுக்கும். காவடிக்கு மாரிட்ஸ்பர்க் உறவெல்லாம் வந்திறங்கிய வாரம் பார்த்துக் கழிவறை பொங்கியது. பிளம்பர் உருவி எடுத்த வேர், குதிரைவால் மாதிரி நீளம். முற்றத்துத் தளக்கல்லும் எழும்பியிருந்தது. சித்தப்பா மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, “சரி, தொல்லை விட்டது” என்றார். எங்கே விட்டது? கட்டை மறுபடி துளிர்த்தது, வேரும் தன் வேலையை நிறுத்தவில்லை. அப்புறம் தூரோடு தோண்டி, குழாய் மாற்றி, தளம் போட்டு முடிப்பதற்குள் சித்திக்கு வயிறு எரிந்துவிட்டது.

வீடு, மதில், குழாய் எதுவும் கிட்டத்தில் இல்லாத பெரிய தோட்டம் இருந்தால் மண்ணில் நடுங்கள். இல்லையென்றால் தொட்டிதான். அந்தத் தொட்டியையும் வெறும் மண்மேல் வைக்காதீர்கள், அடித்துளை வழியாக வேர் இறங்கிவிடும்.

இலை கொட்டினால் தண்ணீர் ஊற்றுவது

இடம் மாறினாலோ வெளிச்சம் குறைந்தாலோ இந்தச் செடி இலையை உதிர்க்கும். தாகம் என்று நினைத்து ஊற்றித் தள்ளினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். முக்கியமாக, செடியை மறுபடி நகர்த்தாதீர்கள்.

தெற்கு ஜன்னல்

செடியைத் தெற்கு ஜன்னலில் வை என்று லண்டன்காரர் வீடியோவில் சொல்வது லண்டனுக்கு. நாம் இருப்பது பூமியின் தென்பாதி, இங்கே வெயில் வடக்கு ஜன்னலில்.

ஜோகன்னஸ்பர்க் குளிர்

உறைபனி விழும் இரவில் வெளியே விடாதீர்கள்.

பால்

கிளை வெட்டினால் வடிகிற வெள்ளைப் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும். கையுறை போடுங்கள். நாய், பூனை கடிக்க எட்டாத இடத்தில் வையுங்கள்.