மிஸ் மார்ப்பிள் கதைகளை அவசரமாகப் படிக்காதீர்கள்

கொலை நடந்த வீட்டில் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருக்கும். ஓரத்து நாற்காலியில் வயதான ஓர் அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போலீஸ் அவரைப் பொருட்படுத்தாது, கொலை செய்தவரும் பொருட்படுத்த மாட்டார். 1927-ல் ஒரு சிறுகதையில் அறிமுகமாகி, அகதா கிறிஸ்டியின் 12 நாவல்களில் மிஸ் மார்ப்பிள் துப்புத் துலக்குவது இப்படி யார் கண்ணிலும் உறுத்தாமல் இருந்துதான். என் வருத்தம் என்னவென்றால், படிக்கிற நாமும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. தோட்டம், வேலைக்காரப் பெண், ஊர்வம்பு என்று அவர் பேசத் தொடங்கினாலே நாலு பக்கம் தள்ளிப் பிணத்தைத் தேடுகிறோம். கடைசி அத்தியாயத்தில் “இதை எங்கே சொன்னார்கள்?” என்று விழிக்கிறோம். நாம் தள்ளிய அந்த நாலு பக்கத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.

பெரும்பாலும் முதல் தவறு முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. 1950-ல் வந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் எல்லாரும் கிளம்பிப் போகிறார்கள். நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் விளம்பரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் புத்தகம் அங்கே ஆரம்பிக்கவில்லை. சைக்கிளில் பேப்பர் போடும் ஒரு பையன் வீடு வீடாகப் போகிறான். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்று வரிசையாகச் சொல்லப்படுகிறது. திருமதி ஸ்வெட்டன்ஹாம் வீட்டில் அவன் போடுவது இரண்டு: ‘டைம்ஸ்’, ‘டெய்லி ஒர்க்கர்’. முன்னது கனவான்களின் பேப்பர், பின்னது கம்யூனிஸ்ட் பேப்பர். அந்த வீட்டில் இருப்பவர்கள் தாயும் மகனும். இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தை ஆசிரியர் தனியாக ஒரு வார்த்தை சொல்லி விளக்கவில்லை, வாசற்படியில் விழும் பேப்பரே சொல்லிவிடுகிறது. முகவரிப் பட்டியல் மாதிரி இருக்கிறதே என்று இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். கிறிஸ்டி ஆட்களை அறிமுகப்படுத்தும் முறையே இதுதான்.

அதே நாவலில் ரேஷனை மறந்துவிட்டுப் படிப்பது இன்னொரு தவறு. பிரிட்டனில் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலையில்தான் முற்றிலும் முடிந்தது. அதனால் கதையில் வரும் கிராமத்தில் வெண்ணெயும் தேனும் சத்தமில்லாமல் கைமாறுகின்றன. யார் யார் வீட்டுக்குள் எந்தக் கதவு வழியாகக் கேட்காமல் வந்துபோக முடியும் என்பதற்கு இது ஒரு காரணம். போலீஸிடம் சிலர் மழுப்புவதற்கும் இதே காரணம் போதும். மழுப்புகிறவர் எல்லாம் கொலையாளி என்று குறித்துக்கொண்டே போனால் பென்சில்தான் தேயும்.

அடுத்து வீட்டின் அமைப்பு. இதில் தமிழ் வாசகர்கள் ஏமாற நிறைய இடம் உண்டு. ‘தி பாடி இன் தி லைப்ரரி’ (1942) என்ற பெயரைக் கேட்டதும் நம் மனதில் வருவது ஊர் நூலகம், மேசை, இரவல் சீட்டு. அது தவறான படம். ஆங்கிலேயப் பெரிய வீடுகளில் லைப்ரரி என்பது ஓர் அறை. பழைய சோபாக்கள், புத்தக அலமாரிகள், கணப்பு, வீட்டுக்காரர் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் இடம். அப்படிப்பட்ட கட்டுப்பெட்டியான அறையில், மாலை விருந்துக்கான பளபள உடையில் யாரென்றே தெரியாத ஓர் இளம்பெண் பிணமாகக் கிடக்கிறாள். அறைக்கும் அவளுக்கும் ஒட்டவே ஒட்டாது, கதையின் அதிர்ச்சியே அதுதான். பொது நூலகம் என்று நினைத்துப் படிப்பவருக்கு அந்த அதிர்ச்சி கிடைக்காது.

பிரெஞ்சு விண்டோவும் அப்படியே. ஜன்னல் என்றதும் நமக்குக் கம்பி ஞாபகம் வரும், அதற்குள் ஒருவன் எப்படிப் புகுந்தான் என்று திகைப்போம். உண்மையில் அது தரைவரை இறங்கும் கண்ணாடிக் கதவு, தோட்டத்திலிருந்து நேராக நடந்து உள்ளே வந்துவிடலாம். ஓரிடத்தில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் யார் எப்போது எங்கே இருந்தார் என்ற கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

வேலைக்காரர்களைக் கதையின் அலங்காரமாக நினைத்துக் கடப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். லைப்ரரி பிணக் கதை விடியற்காலையில் தொடங்குகிறது. வீட்டுக்கார அம்மாள் திருமதி பாண்ட்ரி அரைத் தூக்கத்தில் கிடக்கிறார், பூச்செடிக் கண்காட்சியில் பரிசு வாங்குவதாகக் கனவு. காதில் மட்டும் வீடு எழுந்துகொள்ளும் ஓசைகள் விழுகின்றன. ஒருத்தி மாடிப்படித் திரைச்சீலையை இழுக்கும்போது வளையங்கள் கலகலக்கின்றன, இன்னொருத்தி நடையில் பெருக்குகிறாள், வாசல் கதவின் தாழ்ப்பாள் கனமாக விலகுகிறது. இனித் தேநீர் வர வேண்டும். வருவதோ லைப்ரரியில் பிணம் கிடக்கிறது என்று விம்மும் வேலைக்காரப் பெண். அந்த ஓசைகளின் வரிசையைப் பாருங்கள். எந்த அறையை யார், எப்போது முதலில் திறப்பார்கள் என்பது அந்த வீட்டில் கடிகாரம் மாதிரி. அந்த ஒழுங்கு தெரிந்தால்தான் எங்கே ஒழுங்கு குலைந்தது என்று தெரியும்.

வேலைக்காரர்கள் சொல்வதை மற்ற பாத்திரங்கள் அலட்சியப்படுத்தும்போது நாமும் சேர்ந்து அலட்சியப்படுத்தக் கூடாது. 1950 நாவலில் மிட்ஸி என்ற அகதிச் சமையல்காரி வருகிறாள். அவள் சொல்வதெல்லாம் பொய் என்று வீடே முடிவு கட்டியிருக்கிறது. அது அந்த வீட்டின் தீர்ப்பு, அந்தக் காலத்து ஆங்கிலேயக் கிராமத்துக்கு வெளிநாட்டுக்காரர் மீது இருந்த பார்வை. நீங்கள் உங்கள் தீர்ப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அம்மாளின் கிராமத்துக் கதைகள். லைப்ரரியில் பிணத்தைப் பார்த்த கையோடு மிஸ் மார்ப்பிள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். புதிதாக வந்த ஆசிரியை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனாராம், உள்ளிருந்து ஒரு தவளை குதித்ததாம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. நாமும் வயதானவர்கள் இப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போவோம். போகாதீர்கள், நின்று யோசியுங்கள். தவளை தானாகக் கடிகாரத்துக்குள் போகாது. எந்தக் கதை என்பதைவிட, அந்தக் கதையில் யார் யாருக்கு என்ன செய்தார், எதற்காகச் செய்தார் என்று பாருங்கள். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஊரில் அறுபது எழுபது வருடம் மனிதர்களைப் பார்த்தவர் அவர். பெரிய வீட்டில் நடக்கும் கொலையின் சாயலை அங்கே நடந்த சின்னத் திருட்டிலோ குறும்பிலோ கண்டுகொள்கிறார். இதை அந்த அம்மாளின் ஞாபகப் பெருக்கு என்று நினைப்பவர் அவருடைய ஆராய்ச்சி முறையையே தவறவிடுகிறார்.

“யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவர்தான்” என்று ஆரம்பத்திலேயே ஆளைப் பிடித்துவைத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு வரும் தடயம் ஒவ்வொன்றையும் நாம் பிடித்த ஆளுக்குப் பொருத்தத்தான் பார்ப்போம். அதைவிடப் பணத்தைப் பின்தொடருங்கள். உயில் யார் பேரில், எவர் முதலில் இறந்தால் சொத்து எவருக்குத் திரும்பும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். அதே தாளில் பெயர்களையும் எழுதிவிடுங்கள். ஒரே ஆளைக் குடும்பப் பெயரால் ஒருவர் அழைப்பார், செல்லப் பெயரால் இன்னொருவர் அழைப்பார். எலிசபெத் என்பவரே பெட்டியாகவும் லிஸியாகவும் வருவார். இருபது பக்கத்துக்கு மேல் நினைவை நம்ப முடியாது.

படத்தைப் பார்த்துவிட்டோமே, கதை தெரியுமே என்பதும் சரியல்ல. ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ (1957) நாவலில் ரயிலில் கொலையைப் பார்ப்பவர் மிஸ் மார்ப்பிளின் தோழி. 1961-ல் வந்த படத்தில் மிஸ் மார்ப்பிளே பார்க்கிறார். மார்ப்பிள் இல்லாத கதைகளில்கூடத் தொலைக்காட்சித் தொடர்கள் அவரைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. 1984 முதல் 1992 வரை ஜோன் ஹிக்சன் நடித்த பிபிசி தொடரை நான் மிகவும் மதிக்கிறேன், அதையும் புத்தகத்துக்குப் பிறகு பார்ப்பதே நல்லது. ஒருமுறை வாடகை நூல் நிலையத்தில் எடுத்த பிரதியில் முன்பு படித்த யாரோ கொலையாளியின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை. அடுத்தவருக்கு அதைச் செய்யாதீர்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், லைப்ரரி பிணக் கதையில். ‘நெமிசிஸ்’ (1971) நாவலை முதலில் எடுக்க வேண்டாம், அது 1964-ல் வந்த ‘எ கரீபியன் மிஸ்டரி’யின் தொடர்ச்சியாக வருவது. ‘ஸ்லீப்பிங் மர்டர்’ 1976-ல் வெளிவந்தாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. அதில் மிஸ் மார்ப்பிள் இன்னும் தெம்பாக நடமாடுகிறாரே என்று குழம்ப வேண்டாம். எதை முடித்தாலும் புத்தகத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடாமல், முதல் ஐம்பது பக்கத்தை மறுபடி படித்துவிட்டுக் கொடுங்கள்.