டிஎன்பிஎஸ்சி படிப்பு வட்டத்துக்கு எந்த ஃபோரம் மென்பொருள்? முதல்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழு எதையாவது திறந்து பாருங்கள். "அண்ணா, பத்தாவது சமூக அறிவியல் நோட்ஸ் இருக்கா?" என்று கேட்டதற்கு நேற்றுதான் யாரோ பிடிஎஃப் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் குட்மார்னிங் படம், பிறந்தநாள் வாழ்த்து, ஹால் டிக்கெட் சந்தேகம் எல்லாம் குவிந்துவிடும். இன்று காலை அதே கேள்வி மறுபடி வரும். தலைப்பு வாரியாகப் பேச்சைப் பிரித்து வைக்கும் ஃபோரம் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எதை எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அடுத்த வருஷம் யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று பார்த்து எடுங்கள். குழுவில் சர்வர் (தளத்தை ஓட்டும் கணினி) வேலை தெரிந்த ஒரே பையனுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டால் போய்விடுவான் (அதற்குத்தானே படிக்கிறான்!). மிச்சம் இருப்பவர்கள் கையில் அது ஓட வேண்டும்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக் குடித்தனம் மாதிரி. ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கும், வாடகை குறைவு, சர்வர் பராமரிப்பை ஹோஸ்டிங்காரர் பார்த்துக்கொள்வார். விபிஎஸ் (உங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுத்தால் முழு சர்வரும் உங்கள் பொறுப்பு: அப்டேட், பாதுகாப்பு, கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது எல்லாமே.

இந்த முடிவை எடுத்தாலே பாதி மென்பொருள்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

படி 2: யார் யார் போட்டியில்?

பிஎச்பிபிபி 2000-ல் தொடங்கியது. பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் மாதிரி ஒரு டேட்டாபேஸும் (பதிவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) இருந்தால் போதும், எந்த ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் ஓடும். முகம் கொஞ்சம் பழசுதான். ஆனாலும் 3.1 பதிப்பிலிருந்து மொபைல் திரைக்கு ஏற்றபடி தானாக மடங்கிக்கொள்கிறது.

டிஸ்கோர்ஸ் 2013-ல் வெளிவந்தது. ஜெஃப் அட்வுட், ராபின் வார்டு, சாம் சாஃப்ரன் மூவரும் தொடங்கியது. பார்க்க அழகு, மொபைலில் ஓட்டம் அருமை. ஆனால் ரூபி ஆன் ரெயில்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்று தனக்கு வேண்டிய துணை மென்பொருள்கள் எல்லாவற்றையும் டாக்கர் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறது. விபிஎஸ் இல்லாமல் நடக்காது. குறைந்தது 1 ஜிபி ரேம் என்பார்கள். 2 ஜிபி எடுங்கள், நிம்மதி.

ஃப்ளாரம் நடுவில் நிற்கிறது. 1.0 பதிப்பு 2021-ல் வந்தது. பிஎச்பிதான், பார்க்கப் புதுசாகவும் இருக்கும். வேண்டிய வசதிகளை எக்ஸ்டென்ஷனாகச் சேர்க்க வழக்கமாக கம்போசர் என்ற கருவியைத்தான் பயன்படுத்துவார்கள், அதற்கு உங்கள் ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்ஹெச் வசதி (தொலைவிலிருந்து சர்வரில் கட்டளை அடிக்கும் வழி) இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மைபிபியும் பிஎச்பிபிபி குடும்பத்து ஆள் போலத்தான். நோட்பிபி, பிஎச்பி இல்லாமல் நோட்ஜேஎஸ் என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஓடுவது. அதற்குப் பழக்கப்பட்டவர் குழுவில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஸென்ஃபோரோ, விபுல்லட்டின் இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை, படிப்பு வட்டத்துக்குத் தேவையில்லை.

படி 3: தமிழில் சோதியுங்கள்

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. இந்த மென்பொருள்களைச் செய்தவர்கள் தங்கள் உதவித் தளத்தையே அதில்தான் நடத்துகிறார்கள். உங்கள் போனில் திறந்து கொஞ்சம் நடமாடிப் பாருங்கள். பிறகு சோதனைக்கு நிறுவியதும் தமிழில் பதிவு போட்டுத் தேடுங்கள். முழுச்சொல்லை மட்டும் பொருத்தும் தேடலுக்கு "தேர்வு" வேறு, "தேர்வில்" வேறு, "தேர்வுக்கு" வேறு. ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் சிக்காது. நட்சத்திரக் குறியை ஏற்கும் தேடலில் "தேர்வு*" என்று கொடுத்தால் "தேர்வுக்கு" வரும். "தேர்வில்" அப்போதும் வராது, ஏனென்றால் வு இருந்த இடத்தில் வி வந்துவிட்டது. ஆகவே தேடலை மட்டும் நம்பாமல் பிரிவுகளை ஒழுங்காகப் போடுவது நல்லது.

டிஸ்கோர்ஸில் இன்னொன்று. ஒரு பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்து வேண்டும் என்று வைத்திருப்பார்கள். "நன்றி அண்ணா" என்று அடித்தால் ஏற்காது. லைக் பொத்தான் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். நம் ஆட்கள் நன்றி சொல்லாமல் விடமாட்டார்கள், எனவே அட்மின் அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள்.

படி 4: லேப்டாப்பில் நிறுவிப் பாருங்கள்

காசு கட்டுவதற்கு முன் பிஎச்பிபிபியை வீட்டு லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி, அதில் அப்பாச்சி (பக்கங்களை பிரவுசருக்குத் தரும் மென்பொருள்), மைஎஸ்க்யூஎல் இரண்டையும் ஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் லேப்டாப்பையே குறிக்கும்) முகவரியில், டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து காலியான ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். பிஎச்பிபிபி ஜிப் கோப்பை விரித்து, எக்ஸாம்புக்குள் இருக்கும் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். லோக்கல்ஹோஸ்ட் முகவரியோடு அந்த பிஎச்பிபிபி ஃபோல்டர் பெயரைச் சேர்த்து பிரவுசரில் திறந்தால் நிறுவும் பக்கம் வரும். டேட்டாபேஸ் பயனர் ரூட், பாஸ்வேர்டு காலி (லேப்டாப்பில் மட்டும்தான் இப்படி, நிஜ சர்வரில் கூடவே கூடாது). முடிந்ததும் இன்ஸ்டால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். அது இருக்கும்வரை மற்றவர்களுக்கு ஃபோரம் திறக்காது.

படி 5: மெயில், பிடிஎஃப், ஸ்பேம்

நிஜ சர்வருக்குப் போனதும் முதலில் மாட்டுவது மெயிலில்தான். சேரும் ஒவ்வொருவருக்கும் உறுதி மெயில் போக வேண்டும். டிஸ்கோர்ஸில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வழி) விவரம் சரியில்லை என்றால் அட்மின் கணக்கைத் தொடங்குவதே பெரும்பாடு. பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25-ம் எண் போர்ட்டை (வாசல்) அடைத்தே வைத்திருக்கும், எனவே மெயில் அனுப்பும் சேவை ஒன்றை எடுத்து 587-ல் இணையுங்கள். டொமைனில் (தளத்தின் முகவரிப் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் (மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சேர்த்துவிட்டால் மெயில்கள் ஸ்பேமுக்குள் விழுவது குறையும்.

படிப்பு வட்டத்துக்கு பிடிஎஃப் முக்கியம். பிஎச்பிபிபியில் இணைப்பு அளவு வரம்பு தொடக்கத்தில் 256 கேபிதான். டிஸ்கோர்ஸ் 4 எம்பி வரை விடும், ஆனால் அனுமதிக்கப்பட்ட கோப்பு வகைகளில் பிடிஎஃப்பை நீங்களே சேர்க்க வேண்டும். சமச்சீர் பாடநூல்களை ஏற்ற வேண்டியதே இல்லை. அவை அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, லிங்க் கொடுத்தால் போதும்.

ஸ்பேமர்களைத் தடுக்க பிஎச்பிபிபியில் கேள்வி-பதில் முறை உண்டு. "ராயபுரம் ரயில் நிலையம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?" என்று தமிழிலேயே கேளுங்கள், விடை 1856. ரோபோக்கள் திணறும், உங்கள் ஆட்களுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வியும் ஆச்சு. டிஸ்கோர்ஸ் வேறு வழியில் போகிறது: புதியவர் சில தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகள் படித்து, பத்து நிமிடமாவது செலவிட்ட பிறகுதான் நம்பிக்கையில் அடுத்த படிக்கு உயர்த்தும்.

பிரிவுகளை நிறைய போடாதீர்கள், காலி அறைகளைப் பார்த்தால் யாரும் பேச மாட்டார்கள். குரூப் 4 தாளையே பின்பற்றுங்கள். 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. இந்த மூன்றோடு "அறிவிப்புகள்" ஒன்று, அரட்டைக்கு ஒன்று.

படி 6: பேக்கப்

டிஸ்கோர்ஸ் அட்மின் பக்கத்திலேயே ஒரே கோப்பாக இறக்கலாம். பிஎச்பிபிபியில் டேட்டாபேஸைத் தனியாக எடுத்து, கூடவே ஃபைல்ஸ், இமேஜஸ், எக்ஸ்ட் ஃபோல்டர்களையும் கான்ஃபிக் கோப்பையும் எடுக்க வேண்டும். ஒரு பிரதி சர்வருக்கு வெளியே, இன்னொன்று கிளவுடில். தரைத்தளத்து வீட்டு லேப்டாப் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்த பிஎச்பிபிபி பேக்கப்பை எப்போதாவது எக்ஸாம்பில் ஏற்றித் திறந்து பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டும் டொமைன் கணக்கும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.